இடி விழுமுன் எடுத்த படி

மலைநாட்டு அன்பர்களுக்கு ஐப்பசி மாதத்து மாலைகளைப் பற்றி நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயில் காயும். மூன்று மணியளவில் முகட்டிலே கருமுகில் கூடும். கொழுந்து நிறுக்கும் வேளையில் இடி முழங்கும். ஹட்டனையடுத்த கடைத்தெரு ஒன்றிலே நிழற்படம் எடுத்தலும் பத்திரங்களைத் தட்டச்சுச் செய்தலுமாகிய தொழில் நடாத்தும் நண்பரொருவர் நமக்குண்டு. அத்தகைய மாலையொன்றில் அவருடைய கணினி இடிக்கு இரையாயிற்று. கம்பி வழியே பாய்ந்த மின்சாரம் தாய்ப்பலகையைக் கருக்கிவிட்டது. உள்ளேயிருந்த வன்தட்டு மாத்திரம் தெய்வாதீனமாகப் பிழைத்தது.

அவ்வன்தட்டில் இருந்தவை யாவை? லயங்களில் வாழும் குடும்பத்தினர் பலர், பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பாட்டன் காலத்துக் குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றை அவரிடம் கொண்டுவந்து நகலெடுப்பதுண்டு. வைத்திருக்கும்படி வேண்டியவர்களுடைய படிகளை அவர் அழிக்காது காத்து வந்தார். பல்லாண்டுகளாக எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களும் அதிலேயே இருந்தன.

பத்திரம் என்பது மலையகத் தமிழருக்கு வெறுங் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கிய நாள்தொட்டு, தாம் யார் என்பதைக் காகிதங்கொண்டே நிறுவ வேண்டிய நிலை அவர்களுக்கு வாய்த்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அதே 1964 ஒக்டோபர் 30ஐயே எல்லைக்கல்லாகக் கொண்டது. இத்தகைய பத்திரங்கள் தகரப் பெட்டியில் உறங்குகின்றன. அப்பெட்டியோ மழைக்கு அஞ்சும் லயத்தில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யார் மறந்தோம்?

நிற்க. நண்பரின் மருமகப்பிள்ளை பாவித்த கணினியொன்றை வாங்கி வந்து, பிழைத்த வன்தட்டை அதிற் பூட்டி மின்னைக் கொடுத்தான். திரை ஒரு கணம் ஒளிர்ந்தது, பின்னர் நீலமாயிற்று, ஏதோ இலக்கங்கள் தோன்றின, அணைந்தது. மறுபடியும் அதுவே. “ஐயா, தட்டும் செத்துப் போயிற்றோ?” என்று நண்பர் நம்மைக் கேட்டபொழுது அவர் குரல் தழுதழுத்தது.

தட்டுச் சாகவில்லை. திரையில் தோன்றிய 7பி என்னும் குறியீடே அதனை உணர்த்திற்று. பணிசெயல் முறைமையாகிய விண்டோஸ், முதன்முதல் நிறுவப்படும்பொழுது, தான் குடியேறிய கணினியிலே வன்தட்டை ஆளும் கருவி எத்தகையது என்று பார்த்து, அதற்குரிய செலுத்தியைத் துயிலெழும் வேளையில் அழைக்குமாறு குறித்துக்கொள்ளும். வேறொரு கணினியில் அக்கருவி வேறாகவோ வேறு முறையில் இயங்குவதாகவோ இருப்பின், பாதி விழித்த விண்டோஸ் தான் குடியிருக்கும் தட்டையே காணாது திகைத்து நின்றுவிடும். எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்பவற்றில் இத்தொல்லை மிகுதி. பின்வந்த விண்டோஸ் 10 பெரும்பாலும் தானே தேடிச் சமாளித்துக்கொள்ளும்.

தோட்டத்தார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். விதையிட்டு வளர்த்த தேயிலை ஒருபுறமிருக்க, ஒரே தாய்ச்செடியின் கிளையை ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி நாற்றுமேடையில் வேர்பிடிக்கச் செய்யும் ‘வீ.பி.’ தேயிலையை அறியாதார் நம்மவருள் உளரோ? 1925இல் தோன்றி, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த வகைகளல்லவா அவை? தாயும் சேயும் குணத்தில் ஒன்று. எனினும் மேட்டுநிலத்திற் செழிக்கும் வகை தாழ்நிலத்தில் அவ்வண்ணமே செழிப்பதில்லை. வட்டுப் படியும் அத்தகையதே. ஆயின் தேயிலைக்குப் புதுமண்ணின் இயல்பை முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்க முடியாது. கணினிக்கு முடியும் என்பது நமக்குள்ள ஆறுதல்.

நாம் முதலிற் செய்தது பழுதுபார்த்தலன்று. இருக்கும் ஒரே தட்டில் கைவைத்து விளையாடுதல் பேதைமை. தைவான் நாட்டார் இலவசமாக வழங்கும் குளோன்சில்லா என்னும் செயலியைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, அத்தட்டை அதன் சொந்த விண்டோஸ் எழாவண்ணம் வாசித்து, பிரிவுகளும் தொடக்கப் பகுதியும் உட்பட முழுவதையும் வேறொரு வெளித்தட்டில் ஒரே படியாக எடுத்துவைத்தோம். நியூசிலாந்திலே பிறந்து 1998இல் சிமன்டெக் நிறுவனத்தின் கைக்கு மாறிய ‘கோஸ்ட்’ என்னும் செயலி முன்னொரு காலத்தில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. பேய் என்னும் பெயர் இதற்கு எத்துணைப் பொருத்தம்!

“மாமா, படங்களையும் எழுத்துக்களையும் மாத்திரம் எடுத்துக்கொண்டால் போதாதா? முழுத்தட்டும் எதற்கு?” என்றான் மருமகப்பிள்ளை. நல்ல கேள்வி. நிழற்படங்களாக இருந்த சான்றிதழ்கள் எக்கணினியிலும் திறக்கும். அவற்றுக்கு அவன் சொன்னதே போதும். ஆனால் விண்ணப்பங்கள் யாவும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகக் கிடக்கும்! நண்பர் பயன்படுத்திய பேஜ்மேக்கர் செயலியின் நிறுவற்றட்டோ என்றோ தொலைந்துபோயிற்று. எழுத்தும் எழுத்துருவும் செயலியும் ஒருங்கே பிழைக்க வேண்டுமாயின், முழுத்தட்டின் படியே வழி. விண்ணப்பங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை அவனிடமே ஒப்புவித்தோம். அதை முடிக்குமட்டும் பழைய விண்டோஸ் உயிரோடிருத்தல் வேண்டுமல்லவா?

படி கையில் வந்தபின் அச்சம் நீங்கிற்று. பாவித்த கணினியின் அடிப்படை அமைப்பைத் திறந்து பார்த்தோம். வன்தட்டு இயங்கும் முறை ஏ.எச்.சி.ஐ. என்றிருந்தது, இறந்த கணினியில் அது பழைய ஐ.டி.இ. முறையில் இருந்திருக்கிறது. அந்த ஒன்றை மாற்றியதும் விண்டோஸ் 7 எழுந்து நின்றது. இவ்வளவு எளிதில் எப்பொழுதும் முடிவதில்லை. தட்டை ஆளும் கருவியே புதிதாயின், அதன் செலுத்தியைப் படியினுள் புகுத்தும் அக்ரோனிஸ், மக்ரியம் போன்ற செயலிகளை நாட வேண்டும். புதிய கணினிகள் யூ.ஈ.எப்.ஐ. முறையில் மட்டுமே தொடங்குவனவாயின், பழைய முறையில் அமைந்த தட்டு அவற்றில் எழாது. பிட்லொக்கர் பூட்டிட்ட தட்டாயின், 48 இலக்க மீட்புச் சாவி இன்றேல் அதனுள் நுழையவே இயலாது. அதைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்போர் சிலரே. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஆதலின் அக்கணினியை இணையத்தோடு பிணைக்கலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னோம்.

நண்பர் மகிழ்ந்து, வெளித்தட்டை அதே மேசை இழுப்பறையில் வைக்கப்போனார். தடுத்தோம். அடுத்த இடி இரண்டையும் கொண்டுபோகாதா? மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்று பீற்றர் க்ரோ என்னும் நிழற்படக் கலைஞர் வகுத்த கணக்கை எடுத்துரைத்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதனவும் அவற்றுள் இருந்தன. 2005முதல் நூலகம் என்னும் முயற்சி ஈழத்து நூல்களை எண்ணிமப் படிகளாக்கி வருவதை மாணவர்கள் அறிவர். இப்பொழுது ஒரு வெளித்தட்டு, ஈரம் ஏறாவண்ணம் மூடியிட்ட பிஸ்கட் டின்னில், நுவரெலியாவிலுள்ள நண்பரின் தமக்கை வீட்டில் இருக்கிறது. பிறர் பத்திரங்களாதலால் அதற்குக் கடவுச்சொற் பூட்டும் உண்டு. திங்கள்தோறும் போயா விடுமுறையில் அவர் இன்னொரு தட்டைக் கொண்டுபோய் வைத்து, முன்னதை எடுத்து வந்து, சில கோப்புகளைத் திறந்து பார்க்கிறார். திறந்து பாராத படியை நாம் படியென்று எண்ணுவதில்லை.

மறுவாரம் நாம் அக்கடையில் இருந்தபொழுது, தோட்டத்து மூதாட்டியொருவர் வந்து பேரனுடைய பிறப்புச் சான்றிதழின் படியொன்று கேட்டார். மூலப்பத்திரம் மழையில் நனைந்து கூழாகிவிட்டதாம். நண்பர் தேடியெடுத்து, புதிதாக வாங்கிய அச்சுப்பொறியிலிட்டுக் கொடுத்து, மூலத்துக்குப் பதிலாகப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டிய முறையையும் அதிலுள்ள பதிவிலக்கத்தையும் காட்டினார். மூதாட்டி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “போன தடவையைவிட எழுத்து நல்லாத் தெரியுது, தம்பி” என்று சொல்லி, மடித்து மடியிற் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்.