கரிக்குள் போன நஞ்சு எங்கே போகும்?

ஈப்போவில் அறிவியல் கற்பிக்கிறேன். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்கள். அதனால் என் மாணவர்கள் அறிவியல் விழாவுக்குச் செம்பனைக் கொட்டை ஓட்டில் செய்த கரியைக் கொண்டு வருகிறார்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரிலுள்ள குரோமியத்தை அது ஈர்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

உண்மைதான். கரியின் நுண்துளைகள் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் குரோமியம் ஓர் உலோகம், அது அழியாது. நீரை விட்டுக் கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. "அந்தக் கரியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் மௌனம்தான் பதில்.

இது சின்னக் கேள்வியல்ல. 2015 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். சுத்திகரிப்பில் மிஞ்சிய கழிவே உயிர் குடித்தது.

மாணவர்களே, செம்பனைக் கரியைக் கைவிட வேண்டாம். உங்கள் ஆய்வை இன்னும் ஒரு படி கொண்டு செல்லுங்கள். கரியைக் கழுவிக் குரோமியத்தை மீட்க முடியுமா? முடியாவிட்டால் எங்கே பாதுகாப்பாக வைப்பது? நீர் தெளிந்ததும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. நடுவர்களும் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.