பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ!

பகலில் வரும் வியாதிக்கு நம் நாட்டில் இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. மருந்தையே வீடு தேடிக் கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி ஆரம்பமானது கிருஷ்ணகிரி ஜில்லாவில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான். அடுத்த ஜனவரியிலேயே அந்த ஜில்லாவுக்கு ஒரு வைத்தியக் கல்லூரியும் கிடைத்தது. சந்தோஷமே. ஆனால் வியாதி கடிகாரம் பார்த்தா வருகிறது?

ஊத்தங்கரைத் தாலுகாவில் கல்லாவி என்று ஓர் ஊர். அங்கேயோ, அதைப் போன்ற வேறோர் ஊரிலோ நள்ளிரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் இல்லை, நர்ஸ் ஒருவர் மாத்திரம் விழித்திருக்கிறார். இரண்டு பேர் வருகிறார்கள். இருவருக்கும் வயிற்று வலி. ஒருவர் கலியாணச் சாப்பாட்டை ஒரு கை பார்த்தவர். மற்றவர் வீட்டுத் தரையில் பாய் விரித்துத் தூங்கியவர். முன்னவர் போடும் கூச்சலில் ஊரே எழுந்துவிடும். பின்னவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது?

கூச்சல் போடுகிறவரைத்தான் 108 வண்டியில் ஏற்றத் தோன்றும். ஆனால் கட்டுவிரியன், தரையில் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கிற பாம்பு. கடிவாயில் வீக்கம் இராது. வலியும் அதிகம் இராது. பல் பட்ட அடையாளங்கூடத் தெரியாமற் போவதுண்டு. வயிற்று வலியில் ஆரம்பித்து, இமைகள் தொங்கி, பேச்சுக் குழறி, கடைசியில் மூச்சே நின்றுவிடும். நோயாளியின் இமையைக் கவனிக்கிற நர்ஸ் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். விஷமுறிவு மருந்தை அங்கேயே ஏற்றத் தொடங்கி, வழியில் மூச்சுத் திணறினால் காற்றுப்பையை அழுத்தத் தெரிந்த ஒருவரையும் உடன் சேர்த்து, போகிற இடத்துக்கு டெலிபோனில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அதுவே அனுப்புகிற முறை. அலமாரியில் மருந்து இருக்க, வெறுஞ் சீட்டு எழுதிக் கொடுப்பதற்குக் கைகழுவுதல் என்று பெயர்.

அனாவசியமாக அனுப்புவதிலும் நஷ்டம் உண்டு. கூலிக்காரக் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. அந்நேரத்தில் வண்டி வேறெங்கும் போக முடியாது. இருந்தாலும், சந்தேகத்தின் பேரில் அனுப்பிய நர்ஸைக் கடிந்துகொள்வதை நான் ஒப்பமாட்டேன். "வாயுத் தொந்தரவு" என்று வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு மாரடைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? பத்துப் பேரை வீணாக அனுப்பியதற்கு வாங்கிய திட்டு, பதினோராவது ஆளைத் தங்கவைத்துக் கொன்றுவிடும்.

அப்படியானால் அனுப்பியது சரியா, தப்பா என்று அந்த நர்ஸுக்குச் சொல்லுவது யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை. வண்டி போன திசையிலிருந்து பதில் வருவதில்லை. ஹாலந்து தேசத்தில் 2000-ம் வருஷத்தை ஒட்டிக் குடும்ப டாக்டர்கள் ஒன்றுகூடி இரவு வைத்திய நிலையங்கள் அமைத்தார்கள். ஜனங்கள் முதலில் டெலிபோனில் கேட்டுக்கொண்டே அங்கே போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவரைப் பற்றி அவருடைய குடும்ப டாக்டருக்குக் கடிதம் வந்து சேருகிறது. டெலிபோனில் யோசனை கேட்க நமக்கும் 104 இருக்கிறது, கடிதந்தான் இல்லை.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய விஷயமல்ல. அன்னியர் ஆட்சி முடியும் தறுவாயில், 1946-ல், ஸர் ஜோஸப் போர் தலைமையிலான கமிட்டியார், கிராமத்து நிலையம் முதல் ஜில்லா ஆஸ்பத்திரி வரை ஒரே சங்கிலியாக இருக்கவேண்டும் என்றார்கள். நம் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர். சங்கிலியில் நோயாளி மேலே போக வழி செய்துவிட்டோம்; செய்தி கீழே வர வழி செய்யவில்லை.

அனுப்பும் சீட்டிலேயே அடியில் மூன்று வரிக்கு இடம் விட்டால் என்ன? கண்ட வியாதி இன்னது, செய்த சிகிச்சை இன்னது, நீங்கள் அங்கேயே செய்திருக்கக்கூடியது இன்னது. தபால் செலவுகூட இல்லை. கைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிடலாம். பாயில் படுத்திருந்த அந்த மனிதர் பிழைத்தாரா என்பதாவது, அடுத்த தடவை இரவு வேலைக்கு வரும்போது அந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்கும்.