கணையத்துக்கு ஒரு தவணை

மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கூடலூர் முதல் சின்னமனூர் வரை நெல்லும் வாழையும் திராட்சையும் செழிப்பது அந்த நீரால்தான். மதகு வழியே வந்தால் வயல் விளைகிறது; கரை உடைந்து வந்தால் அதே நீர் பயிரை அழிக்கிறது. நமது வயிற்றிலும் இத்தகைய பாசனம் ஒன்று உண்டு.

இரைப்பைக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கணையம் இருக்கிறது. புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் ரசம் அதில் சுரக்கிறது. அது தன்னையே கரைத்துக்கொள்ளாதது ஏன்? ரசத்தின் வீரியம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குடலை அடைந்த பிறகே பூட்டுத் திறக்கும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலோ, மது கணையத்தைத் தாக்கினாலோ, பூட்டு உள்ளேயே திறந்துவிடுகிறது. இதுவே கணைய அழற்சி. மேல்வயிற்றில் தோன்றும் கடும் வலி முதுகு வரை பாயும், வாந்தி நிற்காது. இதனை "வாய்வு" என்று எண்ணிச் சோடா குடித்துக் காலம் கடத்துதல் ஆபத்து. க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்கு உடனே செல்ல வேண்டும்.

ஐந்து பேரில் நால்வர் ஒரு வாரத்தில் தேறிவிடுகின்றனர். ஆனால் வலி நின்றதும் வேலை முடிந்ததென்று நாம் எண்ணலாகாது. வெள்ளை அணுக்கள் இறந்த திசுவை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. பிழைத்த சுரப்பணுக்கள் தம் தொழிலை நிறுத்தி, இளம் பருவத்துக்குத் திரும்பியவை போல் மாறிப் பெருகி, மீண்டும் பழைய தொழிலை ஏற்கின்றன. நட்சத்திர வடிவ அணுக்கள் சில, கொத்தனார் சாரம் கட்டுவதுபோல நார்களை நெய்கின்றன. வேலை முடிந்ததும் அந்தச் சாரம் பிரிக்கப்பட வேண்டும். மீண்டும் மீண்டும் அழற்சி வந்தாலோ, சாரமே சுவராக இறுகித் தழும்பாகிவிடும். இன்சுலினும் கணையத்திலேயே உற்பத்தியாவதால், நீரிழிவும் பின்தொடரக்கூடும்.

ஆகையால் முதல் தாக்குதலுக்குப் பிறகு கிடைக்கும் காலம் ஒரு தவணை. கல்லினால் வந்த நோய் லேசானதாயின், ஆஸ்பத்திரியை விட்டுப் போகுமுன்பே பித்தப்பையை அகற்றுவது மறு தாக்குதலைக் குறைக்கிறதென்று 2015-இல் ஹாலந்து வைத்தியர்கள் காட்டினர். மதுவினால் வந்ததாயின் மதுவை அறவே விட வேண்டும். புகையிலையையும் விட வேண்டும்.

1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. சட்டம் எவ்வாறாயினும், மனிதரின் சொல்லுக்கு வலிமை உண்டு. பின்லாந்தில், மதுவினால் இந்நோய் கண்டவர்களுக்கு ஒருமுறை மட்டும் புத்தி சொல்லி அனுப்பாமல், ஆறு மாதத்துக்கொரு முறை அழைத்துப் பேசினார்கள். இரண்டாண்டில் அவர்களிடையே நோய் திரும்புவது குறைந்ததென 2009-இல் வெளியிட்டனர்.

இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை. தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர் வீட்டிலும் உத்தியோகஸ்தர் வீட்டிலும் இதனைச் செய்யலாம். நோய் தீர்ந்து வந்தவரைப் பழிக்காமல், மறவாமல், மாதந்தோறும் அன்புடன் விசாரிப்போம். உள்ளே கட்டட வேலை நடக்கும்போது வெளியே காவல் இருப்பது சுற்றத்தாரின் கடமையல்லவா?