படுக்கையில் படிக்க ஒரு சின்ன விளக்கு

வீட்டுக்கு வேண்டிய சாமான்

சமயநல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. ஒரு கூடம், அதை ஒட்டி ஒரு சமையலறை. வீடே அவ்வளவுதான். ராத்திரி எல்லோருக்கும் கூடத்திலேதான் படுக்கை. பக்கத்தில் எட்டு மாதக் குழந்தை. வீட்டுக்காரர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர். அத்தைக்கு ஏற்கெனவே தூக்கம் குறைவு. பாத்திரம் கழுவி, பாலை உறை ஊற்றி, குழந்தையைத் தூங்க வைத்து நிமிரும்போது மணி பத்து. அதற்கப்புறம் அரை மணி நேரம் ஒரு புத்தகம் படிக்க ஆசை. டியூப்லைட்டைப் போட்டால், "என்னத்த இந்நேரத்துல படிப்பு? லைட்ட அமத்திட்டுப் படு" என்கிறாராம் வீட்டுக்காரர். வேறு வழியில்லாமல் செல்போனில் கதை படித்தால், பன்னிரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லையாம்.

"ஐநூறு ரூபாய்க்குள் ஒரு சின்ன விளக்கு வாங்கலாம் என்று பார்க்கிறேன். கடையில் பத்து விதம் காட்டுகிறார்கள். எதை வாங்க? இல்லை, இந்த ஆசையையே விட்டுவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

விடவே வேண்டாம், சகோதரி! காலையில் பேப்பர் படிக்க ஒருவருக்கு நேரம் இருக்கிறது. சாயங்காலம் டி.வி. பார்க்க ஒருவருக்கு நேரம் இருக்கிறது. நாள் முழுக்க எல்லோருக்கும் ஓடிவிட்டு, ராத்திரி அரை மணி நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொண்டால் அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலு மணிக்கு எழுகிறவருக்குப் பத்து மணிக்குக் கண்ணில் வெளிச்சம் அடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். இரண்டு பேருக்கும் தோதாக ஒரு வழி வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழ வேண்டும். யார் கண்ணிலும் நேராக விழக்கூடாது, உங்கள் கண்ணிலும்தான்!

தூக்கம் ஏன் போகிறது?

நம் கண்ணில் பார்ப்பதற்கென்று உள்ள அணுக்களைத் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் சில அணுக்கள் உண்டு. 2002-ல்தான் விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகக் கண்டறிந்தார்கள். நீல நிறம் கலந்த வெளிச்சம் பட்டால் இந்த அணுக்கள், "இன்னும் பொழுது சாயவில்லை" என்று மூளைக்குச் சொல்லிவிடும். உடனே, தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற சுரப்பு குறைந்துவிடும். பளீரென்ற வெள்ளை டியூப்லைட்டிலும் செல்போன் திரையிலும் இந்த நீலம் அதிகம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்து, 2014 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ராத்திரி வெளிச்சத் திரையில் படிக்க வைத்தார்கள். இன்னும் ஐந்து ராத்திரி மங்கலான விளக்கில் அச்சுப் புத்தகம் படிக்க வைத்தார்கள். திரையில் படித்தபோது தூக்கம் வரத் தாமதமாயிற்று, மறுநாள் காலையில் மந்தமும் அதிகம். ஆகவே சமயநல்லூர்ச் சகோதரிக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம் படிப்பு என்று சொல்ல முடியாது. செல்போன் திரைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது.

குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஒரு சிறு ஆய்வு 2018-ல் வந்தது. படுக்கும் முன் ஒரு மணி நேரம் பலமான வெளிச்சத்தில் இருந்தபோது, மெலடோனின் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்ததாம். எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரி ராத்திரியாகவே இருப்பது நல்லது.

"மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும்" என்று பாட்டிமார் சொல்வார்களே, அது? கண் களைக்கும், நீர் வடியும், தலை வலிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நிரந்தரமாகப் பார்வை கெடுவதில்லை. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவது இயற்கை. அந்த வயதில் விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போகாமல் கண்ணைக் காட்டிவிடுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கும்போது என்ன தயக்கம்?

என்ன நிறம், எத்தனை வாட்?

எல்.இ.டி. விளக்கு அட்டையில் "கெல்வின்" என்று ஓர் எண் போட்டிருக்கும். 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் பளீர் வெள்ளை. படுக்கைக்கு மஞ்சள்தான் வேண்டும். கடைக்காரர், "வெள்ளைதாம்மா நல்லா இருக்கும்" என்பார். கூடத்துக்கு அது சரி, படுக்கைக்குச் சரிப்படாது. சமயநல்லூர், தேனூர், சோழவந்தான் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளை விளக்கை மொய்க்கிற அளவுக்கு மஞ்சள் விளக்கைப் பூச்சி மொய்ப்பதில்லை.

ஒன்றிலிருந்து மூன்று வாட் போதும். விளக்கு கிட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். இரண்டடி தூரத்தில் இருக்கும் விளக்கை ஓரடிக்குக் கொண்டுவந்தால் ஏட்டில் விழும் வெளிச்சம் நாலு மடங்காகிவிடும். கூரையில் இருபது வாட் எரிவதைவிடப் புத்தகத்தின் அருகே இரண்டு வாட் மேல்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். விளக்கைப் போட்டு, செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். திரையில் கோடு கோடாக ஓடினால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. சிலருக்கு அதனால் தலைவலி வரும். வேறொன்று காட்டச் சொல்லுங்கள்.

எந்த மாதிரி?

புத்தகத்தின் அட்டையில் கிளிப் போட்டு மாட்டுவது ஒன்று. விலை குறைவு, வெளிச்சம் ஏட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் மெல்லிய பத்திரிகையில் நிற்காது, தலை கனத்துச் சாயும். கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வது இன்னொன்று. இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், ஒருக்களித்துப் படுத்தாலும் தோதுதான். குழந்தையை ஒரு கையால் தட்டிக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. மூன்றாவது, வளையும் கழுத்துள்ள மேஜை விளக்கு. வீட்டில் பிள்ளைகள் படிக்கிற விளக்கு இருந்தால், அதில் மூன்று வாட் மஞ்சள் பல்பு மாட்டினாலே போதும். புதிதாக வாங்க வேண்டாம்.

பாயில் படுக்கிறவர்கள் விளக்கைத் தரையில் வைத்தால் வெளிச்சம் எதிர்ப்பக்கம் எல்லோர் முகத்திலும் அடிக்கும். தலைமாட்டில் ஒரு சின்ன முக்காலி போட்டு, அதன்மேல் வைத்து, தோளுக்குப் பின்னாலிருந்து ஏட்டில் விழுகிற மாதிரி கவிழ்த்துங்கள். உங்கள் முதுகே மற்றவர்களுக்கு மறைப்பாகிவிடும். நடுராத்திரி பால் கொடுக்கவோ துணி மாற்றவோ அதே விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டால் போதும், குழந்தை முழுசாக விழித்துக்கொள்ளாது. வெளிச்சத்தைக் குறைக்கிறேன் என்று விளக்கின் மேல் துணியை மட்டும் போடாதீர்கள். கொசுவலை கட்டுகிறவர்கள் வயர் விளக்கை வலைக்கு வெளியே வையுங்கள். சூடேறும் பழைய பல்பு நைலான் வலையில் பட்டால் ஆபத்து. மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் படுக்கைப் பக்கமே வரக்கூடாது.

வயரா, பாட்டரியா?

எண்ணெயில் ஓடும் 106 மெகாவாட் மின் நிலையம் 2001-ல் அமைந்த ஊர் சமயநல்லூர். ஆனாலும் 2012-ல் சென்னை நீங்கலாக மாவட்டமெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டில் தவித்தது யாருக்கும் மறந்திருக்காது. அதனால் சார்ஜ் செய்கிற விளக்கு வாங்குவது புத்திசாலித்தனம். பகலில், கண் பார்வையில், தரையிலோ மேஜையிலோ வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். மெத்தைமேலோ தலையணைக்கடியிலோ வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் பாட்டரி தீப்பிடிக்கலாம்.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க!

மலிவான கிளிப் விளக்குகள் பலவற்றில் காசு மாதிரி தட்டையான பட்டன் பாட்டரி இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த மாதிரி விளக்கே வேண்டாம் என்பேன். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாயைப் பொசுக்கிவிடும். தீர்ந்துபோன பாட்டரியும் ஆபத்துதான். விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், "நாளைக்கு வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். காரணமில்லாமல் எச்சில் ஒழுகுவது, இருமுவது, பால் குடிக்க மறுப்பது இதற்கு அறிகுறியாக இருக்கலாம். 108-க்குப் போன் செய்து, எக்ஸ்ரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோய்விடுங்கள். பட்டன் பாட்டரி விளக்கு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் மூடி திருகாணி போட்டு முடுக்கியதா என்று இன்றைக்கே பாருங்கள்.

செலவு எவ்வளவு?

"கரண்ட் பில் ஏறும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மூன்று வாட் விளக்கு தினம் ஒரு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 180 வாட் மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! ராத்திரி முழுக்க எரிகிற பழைய "ஜீரோ வாட்" பல்பு இருக்கிறதே, பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது இழுப்பது 12 முதல் 15 வாட். தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஏழு யூனிட் வரை போய்விடும். அந்தப் பல்பு நீல நிறமாக இருந்தால், அதையும் அரை வாட் எல்.இ.டி.யில் சிவப்போ மஞ்சளோ மாற்றிவிடுங்கள். உங்கள் படிப்பு விளக்குக்கான கரண்ட் அதிலேயே மிச்சமாகிவிடும்.

விளக்கின் விலைக்கும் பயப்பட வேண்டாம். 2014-ல் அரசாங்கம் மொத்தமாக வாங்கியபோது 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. சகோதரி சொல்லும் ஐநூறு ரூபாய் தாராளம்.

கடைக்குப் போகும்போது இதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. மஞ்சள் வெளிச்சம், 2700 – 3000 கெல்வின்.
2. ஒன்று முதல் மூன்று வாட். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி.
3. பல்பு வெளியே தெரியாத மூடாக்கு, வளையும் கழுத்து.
4. சார்ஜ் செய்யும் வகை. பட்டன் பாட்டரி கூடாது.
5. படுத்தபடியே கைக்கு எட்டும் சுவிட்ச், 'டிக்' சத்தம் இல்லாதது.
6. கேமராவில் கோடு ஓடாதது.

வாங்கி வந்த முதல் நாள், விளக்கைப் போட்டுவிட்டு, நீங்களே போய் வீட்டுக்காரர் படுக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்கள். பிறகு அத்தை படுக்கும் இடத்திலும். பல்பு கண்ணில் பட்டால் இன்னும் கொஞ்சம் கவிழ்த்துங்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்கள் செய்துவிட்டால் "அமத்திட்டுப் படு" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. செல்போனைச் சமையலறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுக்கைக்கு வாருங்கள்.

படிக்கப் புத்தகத்துக்கும் குறைவில்லை. மதுரை புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தாயிற்று. டவுனுக்குப் போகிற ஒரு நாள் குழந்தையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில்: தொட்டிலுக்கு எந்தத் துணி, எந்தக் கயிறு?