பேச மறுக்கும் வயர்லெஸ் கருவி

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியபோது, மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பிகளும் வீழ்ந்து, பல ஊர்கள் வெளியுலகத் தொடர்பை அறவே இழந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் புகுந்தபோதும் இதே துன்பம் நேர்ந்தது. அவ்விரு வேளைகளிலும் பாட்டரியில் இயங்கும் வயர்லெஸ் கருவிகளைக் கொண்டு அமெச்சூர் வானொலியாளர் ஆற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று. காவல் நிலையங்களிலும், வனக் காவற் சாவடிகளிலும், அணைக்கட்டுகளிலும், மீன்பிடித் துறைகளிலும் இத்தகைய இருவழிக் கருவிகள் இன்றும் பணியாற்றுகின்றன. ஆண்டு முழுவதும் அவற்றின் தேவை சிறிதாக இருக்கலாம். ஆயினும் தேவை முற்றும் ஒரு நாளில் அவை பேசியே தீர வேண்டும்.

அந்நாளில் கருவி பேச மறுத்தால் என்ன செய்வது? ‘பழுது’ என்று சீட்டு ஒட்டிப் பணிமனைக்கு அனுப்புவதே பல இடங்களில் வழக்கம். கருவி திரும்பி வரும் வரை அந்தச் சாவடி ஊமையாகவே இருக்கும். பின்னர், பாட்டரியின் முனையில் பூத்த களிம்பே குறைக்குக் காரணம் என்று தெரிய வருவதும் உண்டு. இவ்வழக்கம் மாற வேண்டும். செய்தி செல்லும் வழியை அறிந்த ஊழியர் ஒருவர், கருவியின் மூடியைத் திறவாமலே, குறை எப்பகுதியில் உள்ளது என்பதைக் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் கண்டுகொள்ள இயலும். அவ்வறிவைக் கள ஊழியர் அனைவருக்கும் அளிப்பது துறைகளின் கடமையாகும்.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படுவதுண்டு. இக்காலக் கருவிகளின் உறுப்புகள் அரிசிமணியினும் சிறியவை. சாவடியில் அவற்றை மாற்ற முடியாது. அவ்வாறாயின் மின்சுற்றைக் கற்பிப்பதால் என்ன பயன் என்பதே அம்மறுப்பு. அது முற்றிலும் பொருந்துவதன்று. கிராமத்துச் செவிலியர் அறுவை சிகிச்சை செய்வதில்லை. ஆயினும் எந்தக் காய்ச்சலுக்குக் கஷாயம் போதும், எந்தக் காய்ச்சலுக்கு மருத்துவமனை வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். வயர்லெஸ் ஊழியருக்கு வேண்டுவதும் அத்தகைய அறிவே.

செலுத்தும் வழி

பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவிக்குள் நிகழ்வது யாது? மைக் குரலை நுண்ணிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஒலிப் பெருக்கச் சுற்று அதனை வளர்த்து, உரத்த குரல் எல்லை மீறாதவாறு அடக்கி வைக்கிறது. மற்றொரு பக்கம், அலையியற்றி என்னும் சுற்று 150 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்ணில் ஊர்தி அலையைப் பிறப்பிக்கிறது. குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் துடிப்போடு தன்னை ஓயாது ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதால் அந்த அதிர்வெண் பிறழ்வதில்லை. குரலின் ஏற்றத் தாழ்வுக்கு ஏற்ப அதிர்வெண்ணைச் சிறிதளவு அசைப்பதே அதிர்வெண் பண்பேற்றம். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வரிசையில் இந்த அசைவு இருபுறமும் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்படலாகாது. பின்னர் இயக்கப் பெருக்கியும் ஆற்றல் பெருக்கியும் அலைக்கு வலுவூட்டுகின்றன. வடிகட்டி வேண்டாத அலைகளை நீக்க, மாற்றுச் சுவிட்சின் வழியே அது ஆண்டெனாவை அடைகிறது.

கையடக்கக் கருவி ஒன்றின் 5 வாட் ஆற்றல், 50 ஓம் தடையுள்ள ஆண்டெனாவில் ஏறத்தாழ 16 வோல்ட் ஆகும். அதே கருவி வாங்கும்போது, ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் கால் பங்கே உள்ள மின்னழுத்தத்தையும் உணர வல்லது. இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம் ஆறு கோடிக்கு மேல். கர்ஜனையையும் முணுமுணுப்பையும் ஒரே வாயிலில் பிரித்து நிறுத்தும் அந்த மாற்றுச் சுவிட்சின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது இதனால் விளங்கும்.

வாங்கும் வழி

ஆண்டெனாவில் வந்து சேரும் எண்ணற்ற அலைகளுள் வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுப்பது எளிதன்று. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்டிராங் வகுத்த சூப்பர்ஹெட்ரோடைன் முறை இதற்கு வழி கண்டது. முதலில் வடிகட்டியும் முன்பெருக்கியும் அலையை ஏற்கின்றன. கலப்பி என்னும் சுற்றில், உள்ளே பிறக்கும் மற்றோர் அலையோடு அது கலக்கப்படுகிறது. வரும் அலை 150 மெகாஹெர்ட்ஸ், உள்ளலை 128.6 மெகாஹெர்ட்ஸ் எனின், அவற்றின் வேற்றுமையாகிய 21.4 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலையாகக் கிடைக்கும். இதனை மீண்டும் 20.945 மெகாஹெர்ட்ஸோடு கலந்தால் 455 கிலோஹெர்ட்ஸ் கிட்டும். இந்தத் தாழ்ந்த நிலையில் கூர்மையாக வடிகட்டுவது எளிது. இறுதியில் பண்பிறக்கி குரலைப் பிரிக்க, ஒலிபெருக்கி அதனைச் செவிக்கு அளிக்கிறது. செய்தி இல்லாத வேளையில் எழும் இரைச்சலை ஸ்குவெல்ச் என்னும் அடக்கி மூடி வைக்கிறது.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. 107.2 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையும் அதே உள்ளலையோடு கலந்து 21.4 மெகாஹெர்ட்ஸையே தரும். அது எஃப்.எம். ஒலிபரப்புக்குரிய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அமைவது. ஆகவே, இத்தகைய கருவியில் பாட்டு குழறிக் குழறிக் கேட்குமாயின் முன்வடிகட்டியின் மேல் ஐயம் கொள்ளலாம். சுற்றை அறியாதவருக்கு அது விந்தை. அறிந்தவருக்கு அது ஒரு தடயம்.

பொதுவும் தனியும்

குறை தேடுவோர் முதலில் உணர வேண்டுவது, இரு வழிகளுக்கும் பொதுவான உறுப்புகள் சிலவே என்பதாகும். பாட்டரி, ஆண்டெனா, கேபிள், மாற்றுச் சுவிட்சு, படிகத்தோடு கூடிய அலையியற்றி ஆகியவை பொதுவானவை. செலுத்துதலும் வாங்குதலும் ஒருங்கே கெட்டால், குறை இவற்றுள் ஒன்றில் இருப்பதே இயல்பு. ஒன்று மட்டும் கெட்டால், பொதுவானவை பெரும்பாலும் நலமே. அந்தந்த வழிக்கே உரிய உறுப்புகளை ஆராய வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்து, இரைச்சலைக் கேட்க வேண்டும். ஸ்குவெல்ச்சைத் திறந்தவுடன் ‘ஸ்ஸ்’ என்னும் ஓசை வலுவாக எழுந்தால், பண்பிறக்கி முதல் ஒலிபெருக்கி வரை யாவும் செவ்வனே இயங்குகின்றன. குறை முன்பகுதியிலோ ஆண்டெனாவிலோ உள்ளது. ஓசையே எழாவிடில் ஒலிப் பகுதியையும் மின் வழங்கலையும் நோக்க வேண்டும். செய்தி வருவதைக் காட்டும் விளக்கு எரிந்தும் குரல் வாராவிடில், குரலோடு செல்லும் தாழ்ந்த ஒலிக்குறியின் எண் இரு கருவிகளிலும் பொருந்தியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அது பழுதன்று, அமைப்பில் நேர்ந்த பிழை. டிஜிட்டல் முறையில் இயங்கும் கருவிகளில் இந்த இரைச்சல் சோதனை செல்லாது. அனலாக் வரிசை ஒன்று இருப்பின் அதற்கு மாற்றியே சோதிக்க வேண்டும்.

செலுத்தியைச் சோதிக்க மற்றொரு கருவி துணை செய்யும். பொத்தானை அழுத்தும்போது அதில் இரைச்சல் அடங்கி, குரல் மட்டும் வாராவிடில், ஊர்தி அலை செல்கிறது. குறை மைக்கிலோ அதன் கம்பியிலோ ஒலிப் பெருக்கச் சுற்றிலோ உள்ளது. இரைச்சலே அடங்காவிடில், பொத்தான், மின் வழங்கல், அலையியற்றி, பெருக்கிகள் ஆகியவற்றை முறையே ஐயுற வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்றல் பெருக்கி அடியோடு கெட்டிருந்தாலும், அதற்கு முன்னுள்ள இயக்கப் பெருக்கியிலிருந்து கசியும் அலையே அடுத்த அறைக்கு எட்டிவிடும். எனவே முற்றத்தில் நின்று சோதித்து ‘நலம்’ என்று எழுதுவது போதாது; ஆற்றலை வாட் மீட்டரால் அளந்தே எழுத வேண்டும்.

குரல் கரகரவென்று சிதைந்து கேட்குமாயின், யாரோடு பேசும்போது என்று வினவ வேண்டும். எல்லா நிலையங்களோடும் சிதைந்தால் குறை இங்கே. ஒரே ஒரு நிலையத்தோடு மட்டும் சிதைந்தால் குறை அங்கே. நல்ல படிகம் பத்து லட்சத்தில் 2.5 பங்கு பிழைப்பின், 150 மெகாஹெர்ட்ஸில் விலகல் 375 ஹெர்ட்ஸே. முதிர்ந்த படிகம் 20 பங்கு பிழைப்பின் விலகல் 3,000 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். குறுகிய வரிசை அதனைத் தாங்காது. இதனைத் திருத்துவது பணிமனையின் வேலை. உரிமத்தில் குறித்த அலைவரிசையைச் சாவடியில் எவரும் தொடலாகாது.

பெட்டிக்கு வெளியே

வாகனத்திலோ சாவடியிலோ பொருத்தப்பட்ட 25 வாட் கருவி, கேட்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே கொள்ளும். பேசும்போது ஏறத்தாழ 6 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய இணைப்பில் 0.3 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கேட்கும்போது அங்கு இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு, பேசும்போது 1.8 வோல்ட். பாட்டரியோ ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். ‘பாட்டரி நலம், கருவியே கெட்டது’ என்னும் தவறான முடிவு பிறப்பது இங்கேதான். மீட்டரைக் கருவியின் மின்முனையில் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே அளப்பவருக்கு உண்மை உடனே வெளிப்படும்.

ஆண்டெனாக் கேபிளும் இத்தகையதே. 25 வாட் செலுத்த 1 வாட் மட்டும் திரும்பி வந்தால் கவலை இல்லை. 6 வாட் திரும்பினால் ஆண்டெனாவிலோ இணைப்பிலோ குறை உண்டு. மழைநீர் புகுந்த கேபிளோ ஏமாற்ற வல்லது. அது செல்லும் ஆற்றலையும் திரும்பும் ஆற்றலையும் விழுங்குவதால், கருவியின் அருகில் மீட்டர் நலமே காட்டும். கேபிளின் மறுமுனையில் அளந்தால்தான் இழப்பு புலனாகும். உட்கம்பியும் வெளிவலையும் தொட்டுக்கொண்டுள்ளனவா என்பதை மல்டிமீட்டரால் அறிய விரும்புவோர், முதலில் ஆண்டெனாவைக் கழற்றிவிட வேண்டும். சில வகை ஆண்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்கு இயல்பாகவே குறுக்கிணைப்பாகத் தோன்றும். ஆண்டெனாவோ 50 ஓம் போலிச் சுமையோ இன்றிப் பொத்தானை அழுத்துவது ஆற்றல் பெருக்கியை அழிக்கும். இடி மின்னல் வேளையில் கம்பத்தை அணுகுவது உயிரையே அழிக்கும்.

விடை வாராமை யாவும் பழுதன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. இரு ஆண்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் கொண்டு, அவற்றின் வர்க்க மூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால், தடையற்ற வெளியில் எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 4 மீட்டர் உயர ஆண்டெனா உள்ள இரு படகுகளுக்கு இடையே அது ஏறத்தாழ 16 கிலோமீட்டர்; கரையில் 36 மீட்டர் கோபுரம் இருப்பின் 33 கிலோமீட்டர். அதற்கு அப்பால் உள்ளவர் விடை கூறாவிடில் கருவியைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. செய்தியை எடுத்து அனுப்பும் இடைநிலையமோ வேறு வகைத் தொடர்போ வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுவதே தக்கது.

செய்ய வேண்டுவன

கருவி நலமாக உள்ள நாளிலேயே அதன் அளவுகளைக் குறித்துவைக்க வேண்டும். பேசும்போது கருவியின் முனையில் உள்ள மின்னழுத்தம், செல்லும் வாட், திரும்பும் வாட் ஆகிய மூன்று எண்களும் மாதம் ஒருமுறை ஏட்டில் ஏறினால் போதும். நலத்தின் அளவு தெரியாதவருக்கு நோயின் அளவும் தெரியாது. செலுத்தும் வழி, வாங்கும் வழி ஆகிய இரண்டையும் கட்டங்களாக வரைந்த படம் ஒன்று ஒவ்வொரு கருவியின் அருகிலும் தொங்க வேண்டும். பணிமனைக்கு அனுப்பும் சீட்டில் ‘பழுது’ என்னும் ஒரு சொல்லுக்குப் பதிலாக, ‘வாங்குதல் நலம், ஊர்தி அலை உண்டு, குரல் இல்லை’ என்பது போல எழுதப்பட வேண்டும். அங்குள்ள வல்லுநரின் வேலை அதனால் பெரிதும் குறையும்.

இவ்வறிவின் வித்தைப் பள்ளியிலேயே இட ஆசிரியர்களால் இயலும். மத்திய அலையில் இயங்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலிகள் இரண்டு போதும். ஒன்றில் 1,200 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஏதேனும் ஒரு நிலையத்தைக் கேட்டபடி, மற்றொன்றை அருகில் வைத்து 745 கிலோஹெர்ட்ஸ் அளவில் மெல்லத் திருப்பினால், முதற்பெட்டியில் ஒரு சீழ்க்கை எழும். இரண்டாம் பெட்டியின் உள்ளலையியற்றி 455 கிலோஹெர்ட்ஸ் மேலே நின்று பாடுவதே அச்சீழ்க்கை. பாடநூலில் கட்டமாகக் கிடந்த சுற்று ஒன்றைத் தம் காதாலேயே கேட்ட மாணவர் அதனை எளிதில் மறவார். சூத்திரங்களை ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், ‘ஓசை இல்லை, எங்கே தேடுவாய்?’ என்று வகுப்பில் வினவும் பழக்கமும் தேவை.

இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஏடு, ஒரு படம், ஒரு சிறு மீட்டர், சில நாள் பயிற்சி ஆகியவையே. புயல் எச்சரிக்கை வந்த பின் இப்பயிற்சியைத் தொடங்க இயலாது. வானம் தெளிந்துள்ள நாட்களிலேயே துறைத் தலைவர்கள் இதற்கு ஏற்பாடு செய்வார்களாக.