கம்பியை வெட்டும் முன் ஒரு கணக்கு!

மொட்டை மாடியில் அப்பா. செம்புக் கம்பியின் ஒரு முனையை மூங்கில் கழியில் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். கீழே அறையில் மீட்டரைப் பார்க்கும் மகன், ‘‘இன்னும் கொஞ்சம் வெட்டணும்ப்பா!’’ என்று கத்துகிறான். அவிழ்த்து, அரை அடி வெட்டி, மறுபடி ஏற்றிக் கட்டுகிறார். ‘‘ஐயோ, ஜாஸ்தியா வெட்டிட்டீங்க!’’

ஹாம் ரேடியோ இருக்கும் வீடுகளில் பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன.

ஹாம் ரேடியோ என்பது மத்திய அரசின் தேர்வை எழுதி, உரிமம் பெற்று, வீட்டிலேயே வயர்லெஸ் நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. புயலிலும் வெள்ளத்திலும் செல்போன் டவர்கள் ஓய்ந்துபோனால், அதே பொழுதுபோக்கு உயிர்காக்கும் சேவையாக மாறிவிடும். இதில் ரேடியோ பெட்டியைப் பெரும்பாலும் கடையில் வாங்கிவிடுவார்கள். ஆன்டெனாவைத்தான் பலரும் தாங்களே கட்டுவார்கள். வெட்டி, ஏற்றி, இறக்கி, மறுபடி வெட்டும் அந்த வேலையில் பெரும்பகுதியை இன்று கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

போர்க்கப்பலில் இருந்து வீட்டுக்கு!

இந்தக் கணக்கு முதலில் ஹாம்களுக்காகப் போடப்பட்டதல்ல. 1981-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜெரால்ட் பர்க், ஆண்ட்ரூ போஜியோ இருவரும் ‘நெக்-2’ என்ற புரோகிராமை எழுதி முடித்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆதரவில் நடந்த வேலை அது. போர்க்கப்பல் என்பது மிதக்கும் இரும்பு மலை. அதில் ஆன்டெனாவை எங்கே வைத்தாலும் சுற்றியுள்ள இரும்பு அதன் வேலையில் தலையிடும். கப்பலைக் கட்டிவிட்டு, ஆன்டெனாவை இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

புரோகிராமின் அடிப்படை எளிமையானது. நீளமான கம்பியைக் கணக்கில் மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். ஒரு துண்டில் ஓடும் மின்னோட்டம் மற்ற எல்லாத் துண்டுகளையும் பாதிக்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் முகம் சுளித்தால் வீடு முழுக்கத் தெரியுமே, அதுபோல! யார் யாரை எவ்வளவு பாதிக்கிறார்கள் என்பதை மொத்தமாகக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் தெரிந்துவிடும். அதிலிருந்து சிக்னல் எந்தத் திசையில், எவ்வளவு பலத்தோடு போகும் என்பதும் தெரிந்துவிடும்.

துளையிட்ட அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் செருகிய காலத்து வழக்கம் அது என்பதால், இந்தப் புரோகிராமுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் இன்றும் ‘கார்டு’ என்றுதான் பெயர்.

உயரம் செய்யும் வேலை

வீட்டு ஹாம்களுக்கு இதனால் என்ன லாபம்? ஓர் உதாரணம். ஒரு மாடி வீட்டின் மேல் கழி நட்டு, தரையில் இருந்து 10 மீட்டர் உயரத்தில் கம்பியைப் படுக்கையாகக் கட்டுகிறார் ஒருவர். 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பியின் நீளம் சுமார் 20 மீட்டர். இதைப் புரோகிராமில் கொடுத்தால், சிக்னலின் பெரும்பகுதி நேராக வானத்தை நோக்கிப் போவதாகப் படம் காட்டும். அது வீண் இல்லை. வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றுவட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்கு மழைபோல இறங்கும். சென்னையில் இருந்து மதுரைக்குப் பேச அருமையான ஆன்டெனா அது. ஜப்பானுக்குப் பேச அவ்வளவு உதவாது.

அதே உயரம், ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ். இப்போது கம்பி 10 மீட்டர்தான். படம் தலைகீழாகிவிடும். சிக்னல் தரையில் இருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் கிளம்பி, தொலைதூர நாடுகளை எட்டிப் பிடிக்கும்.

‘எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது’ என்பது பழைய நம்பிக்கை. ஆனால், வெள்ளத்தில் சிக்கிய பக்கத்து மாவட்டத்தோடு பேச வேண்டிய நாளில், உயரம் குறைந்த அந்த 7 மெகாஹெர்ட்ஸ் கம்பிதான் கைகொடுக்கும். அதை ஆபத்து வரும் முன்பே, மேஜையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் பெரிய விஷயம்.

ஏமாறாமல் இருக்க...

கம்ப்யூட்டர் சொன்னால் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக 1980-களில் வந்த ‘மினிநெக்’ என்ற சிறிய வடிவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆன்டெனாவின் மின்தடையைக் கணக்கிடும்போது, கீழே இருக்கும் மண்ணை மிகச் சிறந்த மின்கடத்தியாக அது எடுத்துக்கொள்ளும். அதனால், தரைக்கு மிக அருகில் கட்டிய கம்பிகளுக்கு இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டிவிடும். நெக்-2 இந்த விஷயத்தில் மேல். ஆனால், மண்ணில் புதைத்த கம்பியை அதனால் கணக்கிட முடியாது.

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அது வரவு செலவுக் கணக்கு. மண்ணையும் கம்பியில் ஏற்படும் இழப்பையும் கணக்கில் இருந்து எடுத்துவிட்டால், ஆன்டெனாவுக்குள் போன சக்தியும் வெளியே வந்த சக்தியும் சமமாக இருக்க வேண்டும். 100 வாட் கொடுத்து 120 வாட் வருவதாகக் காட்டினால், துண்டு போட்டதில் எங்கோ தவறு என்று அர்த்தம்.

கவனமாகப் போட்ட கணக்கு விண்வெளிக்கும் போயிருக்கிறது. 2006 மார்ச்சில் நாசா ஏவிய எஸ்.டி.-5 என்ற குட்டி செயற்கைக்கோள்களில் இருந்த ஒரு வகை ஆன்டெனா, யாரோ வளைத்துப்போட்ட பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும். எந்த இன்ஜினீயரும் அதை வரையவில்லை. கம்ப்யூட்டரே வடிவங்களை உருவாக்கி, நல்லதை வைத்துக்கொண்டு மோசமானதைக் கழித்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த வடிவம் அது.

இப்போது இலவசம்!

நெக் கணக்கைச் சாமானியர்களும் கையாளும்படி ‘ஈஸிநெக்’ என்ற விண்டோஸ் புரோகிராமாக்கி, பல ஆண்டுகள் விற்றுவந்தவர் அமெரிக்க ஹாம் ராய் லெவாலன். ஓய்வு பெற்றபோது, 2022 ஜனவரி முதல் அதை எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டார். ஜப்பானிய ஹாம் மகோட்டோ மோரி உருவாக்கிய புரோகிராமை அடிப்படையாகக் கொண்ட ‘எம்மானா-கால்’ புரோகிராமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால், இது மினிநெக் வழி வந்தது. தாழ்வான கம்பிகளுக்கு இது தரும் எண்களை எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னது மட்டும்தான் இந்தப் புரோகிராம்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைச் சொல்லாமல் விட்டால், அது இல்லை என்றே கணக்குப் போடும். தெருவோரம் போகும் ஈ.பி. லைனும் திரையில் தெரியாது. கட்டும்போது கம்பி கை நழுவினால் அந்த லைன் மேல் விழுமா, பின்னால் காற்றில் அறுந்தால் எங்கே போய்ச் சாயும் என்று எந்தப் படமும் எச்சரிக்காது.

அந்தக் கணக்கை மட்டும் கம்பியை வெட்டும் முன் மாடியில் நின்று, நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்து, மனிதர்தான் போட வேண்டும்.