மாணவர் கையில் எழுத்தாணி கொடுங்கள்

நாமக்கல்லுக்கு வருகிறவர்கள் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, மலையைக் குடைந்த நரசிம்மர் சன்னதிக்குப் போகிறார்கள். மலையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனால் ரங்கநாதர், அதுவும் குடைவரைதான். இரண்டும் 8-ஆம் நூற்றாண்டு வேலை. அதியர் குலத்துக் குணசீலன் என்ற அரசன் பெயரும், அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கோயிலுக்கு வைத்த பெயரும் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருப்பதால்தான் நமக்குத் தெரிகின்றன. அந்த மலை நிழலிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இந்த வரிகளைக் காட்டினால், கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். குறை அவருடையது அல்ல. அவர் படித்த எந்த வகுப்பிலும் அந்த எழுத்தை ஒரு முறைகூட எழுதச் சொன்னதில்லை.

வடக்கே தருமபுரிப் பக்கம் போனால் வட்டெழுத்து வெட்டிய நடுகற்கள். 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிற கல்லிலேயே, மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் பெயரும் ஊரும் இருக்கும். கும்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது.

ஓலைச்சுவடிக்கும் இதே கதிதான். சுவடிகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் வேலை நாடு முழுக்க நடக்கிறது. அதற்கென்றே 2003-இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கப்பட்டது. மிக அவசியமான வேலை. ஆனால் படத்தைப் படிக்க ஆள் வேண்டுமே? படிக்கும் ஆளை உருவாக்க ஒரே வழி, அவரை எழுத வைப்பதுதான்.

ஏன் என்பதை ஓலையைக் கையில் எடுத்தால் புரிந்துகொள்ளலாம். ரொம்ப இளசும் இல்லாமல், முற்றியதும் இல்லாமல் ஓலை பார்த்து வெட்ட வேண்டும். நிழலில் உலர்த்தி, வெந்நீரில் போட்டு எடுத்து, மறுபடி உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கி, ஓரம் நறுக்கித் துளையிட்டால் வெள்ளோலை தயார். எழுதுகிறவர் ஓலையை இடது கையில் ஏந்துவார். எழுத்தாணி வலது கையில் இருந்தாலும், அதைத் தாங்குவது இடது கட்டைவிரல். அந்த நகத்தை வளர்த்து, எழுத்தாணி உட்காரும்படி அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. எழுத்தாணி அதிகம் நகராது. ஓலைதான் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். முதல் நாள் உட்காருகிறவருக்கு அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். நேர்க்கோட்டை அழுத்தி இழுத்தால் நரம்போடு ஓலை கிழியும். வளைத்து எழுதினால் தாங்கும். தமிழ் எழுத்துக்கு இத்தனை வளைவு எப்படி வந்திருக்கும் என்ற கேள்விக்கு விரலே பாதி பதில் சொல்லிவிடும்.

எழுதி முடித்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் கீறல். விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றோடு குழைத்து ஏடு முழுக்கத் தடவித் துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் மை தங்கி எழுத்து மேலே வரும். மையாடல் என்று இதற்குப் பெயர். துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிறு நழுவாமல் முனையில் கிளிமூக்கு முடிந்தால் சுவடி ஆயிற்று. காகிதமோ பசையோ தையலோ இல்லாத முழுப் புத்தகம்.

புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதால் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் தெரியாது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் அதைச் சீர்செய்தார் என்பார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஏட்டில் ‘பரல’ என்று இருந்தால் அது பரல் ஆகலாம், பால் ஆகலாம், பால என்றும் ஆகலாம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இந்தக் குழப்பங்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். இருபது ஏடு தானே கீறியவருக்கு, எழுதுகிறவன் கை எங்கே தடுமாறும், எங்கே ஒரு வரியைத் தாண்டும் என்பது பழகிவிடும்.

உ.வே.சாமிநாதையர் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிய காலம் அது. சேலத்துக்காரர்கள் மறக்கக் கூடாத ஒரு நாளும் அந்தக் கதையில் உண்டு. 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போனார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்ததாகச் சொன்னவரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தவர் முதலியார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏட்டைப் படிக்கப் பழகிய கண் இல்லாவிட்டால் அந்த ஏழு வருட உழைப்பு நடந்திருக்காது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளைப் பற்றியும் அதே உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார்.

எழுதிப் பார்த்தே பழைய எழுத்தை மீட்க முடியும் என்பதற்கு லண்டனிலும் சான்று உண்டு. எட்வர்டு ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இடைக்காலக் கையெழுத்துப் புத்தகங்களை உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கோடு எப்படி விழுந்திருக்கும் என்று தானே பேனா சீவி எழுதி எழுதிக் கண்டுபிடித்தார். 1899-இல் வகுப்பெடுக்க ஆரம்பித்து, 1906-இல் அந்த முறையைப் புத்தகமாகவும் போட்டார். 1916-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு எழுத்து வடிவம் செய்து கொடுத்ததும் அவர்தான். பழங்கையெழுத்து பழகினால் என்ன பிழைப்பு என்று கேட்பவர்களுக்கு, இன்றும் அந்த நகர ரயில் நிலையப் பலகைகளில் அவர் கையின் சாயல் இருப்பதைச் சொல்லலாம்.

இப்படி மாணவரை எழுத வைக்கும் வேலையைச் சேலம், நாமக்கல் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் செய்ய வேண்டும். வழிகாட்டத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையே இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகம் முதுகலைத் தமிழில் ஒரு தாளை இதற்கு ஒதுக்கலாம்: எழுத்துத் தேர்வு வேண்டாம், ஒவ்வொரு மாணவரும் இருபது ஏட்டில் ஒரு சுவடி செய்து கொடுக்க வேண்டும். பாட்டியின் கைமருந்து, ஊர்த் தெய்வத்தின் கதை, எது வேண்டுமானாலும் எழுதலாம். நாமக்கல் பாறையிலிருந்தும் நடுகல்லிலிருந்தும் நாலு வரியைக் கண்ணால் பார்த்து அப்படியே எழுதிய ஏடு ஒன்று அதில் கட்டாயம் இருக்க வேண்டும். செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கஞ்சமலை இரும்புக்குப் பேர்போன மண் இது. எழுத்தாணி அடித்துத் தர ஊரில் கொல்லர் உண்டு. மேட்டுக்காட்டு வரப்பில் பனை நிற்கிறது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு சொல்லிவிட்டது. ஓலை எடுக்க மரத்தை வெட்ட வேண்டியதும் இல்லை. சித்திரையில் நுங்கு இறக்க வரும் பனையேறியிடம் அப்போதே சொல்லி வைத்தால், விஜயதசமிக்குள் ஏடு பதமாகிவிடும்.